பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை... மக்தபுக்கு?

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாகப் பெருமாள்மலையில் நடைபெற்ற மஹல்லாக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் வழியில் டம்டம் பாறையில் பேருந்து சற்று நின்றது. எதிரே எலிவால் அருவி. வெளியூர்க்காரர்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுப்ஹானல்லாஹ், கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிதான். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், அருவியின் பக்கம் திரும்பவே இல்லை. "தண்ணி கலங்கலா இருக்கா, தெளிஞ்சு இருக்கா, அதை மட்டும் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். சுற்றுலா வந்தவனுக்கு அது அருவி. மலையில் குடியிருப்பவனுக்கு அது செய்தி. தண்ணீர் செந்நிறமாக வந்தால் மேலே எங்கோ மண் இளகுகிறது என்று பொருள்.

இன்று நான் பேச வந்திருப்பது தேர்தலைப் பற்றி அல்ல. இடஒதுக்கீட்டைப் பற்றியும் அல்ல. மழைக்காலத்தில் நம் பிள்ளைகளைப் பற்றி. "இதற்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று சிலர் நினைக்கலாம். ஆம், இதற்குத்தான் கூட்டம்!

நம் சமுதாயத்தைப் பற்றி ஒரு நல்ல பெயர் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நம் இளைஞர்கள் படகோடு இறங்கினார்கள். பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. தேக்சாவில் சோறு பொங்கிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்தபோதும் நம் தொண்டர்கள் போனார்கள். அந்தப் புயல் கடலோரத்தோடு நிற்கவில்லை. இந்த மலைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துச் சாலைகளைத் துண்டித்தது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். கொரோனா நாட்களில் சொந்தக்காரரே தொட அஞ்சிய உடல்களை நம் பிள்ளைகள் எடுத்து அடக்கம் செய்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் ஒன்றை மனந்திறந்து சொல்ல வேண்டும். இவை எல்லாம் நடந்த பிறகு செய்த சேவைகள். மீட்பில் முந்துகிறோம், தடுப்பில் பிந்துகிறோம். பெரியவர்கள் விஷயத்தில் மீட்புப் பணிக்குப் பயன் உண்டு: ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு மணி நேரம் தாக்குப்பிடிப்பார், கூரைமேல் ஏறி நின்று கூவுவார். நான்கு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் முழங்கால் அளவுத் தண்ணீர் அதற்கு இடுப்பளவு. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தால் உங்களையே நிற்கவிடாது. அதைத் தூக்கிக்கொண்டே போய்விடும். தண்ணீரில் விழுந்த குழந்தை சினிமாவில் காட்டுவது போலக் கையடித்துக் கூச்சல் போடுவதில்லை. சத்தமே இல்லாமல் முழுகும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு படகு வந்து என்ன, ஆம்புலன்ஸ் வந்து என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை.

"எங்கள் ஊரில் ஏது வெள்ளம்? இது மலை, தண்ணீர் தேங்காது, ஓடிவிடும்" என்று ஒரு சகோதரர் கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார். தண்ணீர் ஓடிவிடும் என்பதுதான் இங்கே ஆபத்தே! சமவெளியில் வெள்ளம் அங்குலம் அங்குலமாக ஏறும். மலையில் அது ஓடையில் திடீரென்று வரும். அல்லது மண்ணையும் பாறையையும் சேர்த்துக்கொண்டு வீட்டின் பின்சுவரில் வந்து நிற்கும். கும்பக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருவியில் வெள்ளம் பாய்வதும், வனத்துறை குளிக்கத் தடை போடுவதும் ஏன்? மழை பெய்தது இங்கே, மேலே. உங்கள் தலையில் கொட்டிய மழை சில மணி நேரத்தில் கீழே பெரியகுளத்துப் பிள்ளையின் காலடியில் இருக்கும். மழைக்காலந்தோறும் அடுக்கம் சாலையிலும் பழனிச் சாலையிலும் மண் சரிகிறது; போக்குவரத்து நிற்கிறது; இரண்டு நாளில் பொக்லைன் வந்து அள்ளுகிறது; மறந்துவிடுகிறோம்.

மறக்கக் கூடாத மூன்று ஊர்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெட்டிமுடி. இந்த மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் மூணாறுக்கு அருகே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தரை மணி சுமார். தேயிலைத் தோட்ட லயன் வீடுகளில் உழைத்துக் களைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. மலை இறங்கியது. 70 உயிர்கள் போயின. பள்ளி செல்லும் பிள்ளைகளும், பால்குடி மறக்காத பிள்ளைகளும் அதில் உண்டு. மின்சாரம் இல்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. வெளியுலகத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில். ஓர் இரவு முழுவதும் அந்த மக்கள் மண்ணுக்கு அடியிலும் இருளுக்கு அடியிலும் கிடந்தார்கள்.

இரண்டாவது, வயநாடு. 2024 ஜூலை 30, நள்ளிரவு தாண்டிய நேரம். முண்டக்கை, சூரல்மலை. 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். வெள்ளார்மலைப் பள்ளியின் மாணவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் எல்லா மதத்துப் பிரார்த்தனைகளோடும் புதைத்தார்கள். இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அந்த வட்டாரத்தில் மழைமானிகள் வைத்து அளந்துவரும் ஹியூம் மையம் என்ற தன்னார்வ ஆய்வு நிறுவனம், முந்தைய நாள் காலையிலேயே ஆபத்தைச் சொல்லியிருந்தது. அதே முண்டக்கையில் 2020-இல் இதே போன்ற எச்சரிக்கையைக் கேட்டு மக்களை அப்புறப்படுத்தினார்கள், மண் சரிந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அதே மலை, அதே மழை. ஒருமுறை கேட்டார்கள், ஒருமுறை கேட்கவில்லை.

மூன்றாவது, நம் திருவண்ணாமலை. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீடு ஒன்றின்மேல் பாறையும் மண்ணும் சரிந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் சிறுவர் சிறுமியர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அந்த வீட்டில் இருந்தார்கள். மழை நாளில் பிள்ளைகள் ஒரே வீட்டில் கூடி விளையாடுவது இயல்புதானே? அந்த வீடு எந்த வீடாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டியது பெரியவர்களின் வேலை.

விதியா, அலட்சியமா?

இங்கே ஒரு கேள்வி எழும். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். மவுத்து எழுதியிருந்தால் மெத்தையில் படுத்திருந்தாலும் வரும்." உண்மைதான், கத்ரை நம்பாதவன் முஃமின் அல்லன். ஆனால் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் போன பயணத்தை நினைத்துப் பாருங்கள். சர்க் என்ற இடத்தில் இருக்கும்போது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் வருகிறது. ஆலோசனை செய்து திரும்பிவிட முடிவெடுக்கிறார்கள். அபூஉபைதா (ரலி) போன்ற பெரும் ஸஹாபி, இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்கிறார். ஓடுவதும் அவன் விதியை நோக்கித்தான் என்று கலீஃபா பதில் தருகிறார்கள். புகாரியில் வரும் இந்தச் சம்பவத்தை ஆலிம்கள் பலமுறை சொல்லக் கேட்டிருப்பீர்கள். கலீஃபா உமருக்கு இல்லாத தவக்குல் நமக்கு இருக்கிறதா என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்கும் குளிருக்கும் நம் மார்க்கம் பாங்கையே மாற்றச் சொல்லியிருக்கிறது. கடும் மழை இரவுகளில், மக்கள் தத்தம் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்க நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குச் சொல்வார்கள் என்பதும், மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுகைக்கு அழைக்கும் வாசகத்துக்குப் பதிலாக வீட்டில் தொழச் சொல்லும் வாசகத்தைச் சொல்ல வைத்தார்கள் என்பதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது குவைத்தில் பாங்கு அப்படித்தான் ஒலித்தது. யோசித்துப் பாருங்கள்! ஃபர்ளான தொழுகைக்குப் பெரிய ஆண்களைக் கூப்பிடும் அழைப்பிலேயே, சேற்றில் சிரமப்பட வேண்டாம் என்ற சலுகை இருக்கிறது.

அப்படியானால் நம் மக்தபுகளில் என்ன நடக்கிறது?

மாவட்ட ஆட்சியர் மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகிறார். அந்த அறிவிப்பு பாதி நாள் பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் வருகிறது, அது வேறு கதை. ஆனால் அந்த விடுமுறை மக்தபுக்குப் பொருந்துமா? யாரும் சொல்வதில்லை. ஃபஜ்ருக்குப் பின்பும், மக்ரிபுக்குப் பின்பும் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் யஸ்ஸர்னல் குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓடைப் பாலத்தைத் தாண்டி, தெருவிளக்கு எரியாத சரிவில் இறங்கி ஓத வருகிறார்கள். பள்ளிக்கூடம் பூட்டிய நாளிலும் வருகிறார்கள். ஏன்? உஸ்தாத் அடிப்பார் என்ற பயம் ஒருபுறம். மதரஸாவுக்கு லீவு போடுவது பாவம் என்ற எண்ணம் மறுபுறம். உஸ்தாதைக் குறை சொல்லவில்லை. அவர் சம்பளத்துக்கே நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து நிற்பவர்; தானாக விடுமுறை விட அவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் யாரிடம்? முத்தவல்லியிடம். நிர்வாகக் குழுவிடம். அதாவது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்களிடம்.

ஆகவே முதல் கோரிக்கை அரசாங்கத்திடம் அல்ல, நம்மிடம். வானிலை நிலையம் இந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கையோ சிவப்பு எச்சரிக்கையோ விடுத்த அன்று மக்தப் இல்லை. ஆட்சியர் பள்ளிக்கு விடுமுறை விட்டால் மக்தபுக்கும் விடுமுறை. எச்சரிக்கை எதுவும் இல்லாமலே மழை வலுத்தால், மோதினார் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்: இன்று பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் ஏற்கனவே வந்திருந்தால் தனியாகத் திருப்பி அனுப்பக் கூடாது; பெரியவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகும் வரை பள்ளிவாசலிலேயே வைத்திருக்க வேண்டும். இதற்கு மார்க்கத்தில் தடை ஏதும் உண்டா என்று ஆலிம்கள் இங்கேயே சொல்லட்டும். (மேடையிலிருந்த ஆலிம்கள் இல்லை என்று தலையசைத்தனர்.)

அந்த ஒலிபெருக்கி நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. மண் சரிவு மதம் பார்த்து இறங்குவதில்லை. இந்த ஊரில் கோயிலும் உண்டு, சர்ச்சும் உண்டு. அவர்களிடமும் ஒலிபெருக்கி உண்டு. மூன்று இடத்துப் பொறுப்பாளர்களும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். மின்சாரம் போனால் எதில் பேட்டரி இருக்கிறது? இரவு ஒரு மணிக்கு ஓடை பொங்கினால் யார் யாரை எழுப்புவது? பெட்டிமுடியில் சமுதாய உணர்வுக்கா பஞ்சம்? குரல் போய்ச்சேரத்தான் வழி இல்லை. நம்மிடம் வழி இருக்கிறது. கூரைமேல் கட்டி வைத்திருக்கிறோம்.

வீடுகளுக்கு வருகிறேன். இதைத் தாய்மார்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். மலையைக் குடைந்து கட்டிய வீடுகளில் பெரும்பாலும் பின்னறை மலைப் பக்கமாக இருக்கும். அங்கேதான் காற்று அடிக்காது, கதகதப்பாக இருக்கும் என்று பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். கனமழை இரவுகளில் அதை மாற்றுங்கள். சரிவை ஒட்டிய சுவரிலிருந்து தள்ளி, வாசல் பக்க அறையில் படுக்க வையுங்கள். மாடி இருந்தால் மாடியில். வீட்டைச் சுற்றிப் புதிதாகத் தரை வெடித்திருக்கிறதா, நேராக நின்ற மரமோ கம்பமோ சாய்கிறதா, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுக்குகிறதா, ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, அல்லது மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓட்டம் குறைகிறதா, கவனியுங்கள். மேலே எங்கோ அடைத்துக்கொண்டு சேர்கிறது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நகை எடுக்க, பத்திரம் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஓடைப் பள்ளத்தின் வழியே இறங்காமல், பக்கவாட்டில் மேட்டுக்கு வெளியேறுங்கள்.

அடுத்தது, காபிப் பழம் பறிக்கும் காலம். இந்த மலையில் அறுவடை தொடங்குவதும் வடகிழக்கு மழை கொட்டுவதும் ஏறத்தாழ ஒரே மாதங்கள். தாய் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். மூன்று வயதுப் பிள்ளையை எட்டு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள். அந்த எட்டு வயதும் ஒரு குழந்தைதான் என்பது நமக்கு மறந்துபோகிறது. தோட்டங்களில் தண்ணீர் பிடிக்க வெட்டிய குழிகள், பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டைகள் இருக்கின்றன. அந்தத் தாளில் வழுக்கி விழுந்தால் பெரியவனாலேயே ஏற முடியாது. வேலி கட்டாத குட்டைக்குச் சொந்தக்காரர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், நாளைக்கே நாலு கம்பு நட்டு வலை கட்டுங்கள். வீட்டில் வாளியில் பிடித்து வைத்த தண்ணீரையும் மூடி வையுங்கள்.

பங்களாதேஷைப் பாருங்கள். நம்மைவிட ஏழை நாடு என்று சொல்லிக் கேலி பேசுவோம். வெள்ளமும் குளமுமான அந்த நாட்டில் பிள்ளைகள் அதிகம் மூழ்குவது எப்போது என்று ஆராய்ந்தார்கள். நடு இரவில் அல்ல. காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், தாய் வேலையில் இருக்கும் நேரத்தில் என்று தெரிந்தது. உடனே பெரிய கட்டடம் கட்டவில்லை. கிராமத்தில் ஒரு பெண்மணியின் வீட்டையே 'ஆஞ்சல்' என்ற பிள்ளைக் காப்பகமாக்கி, அந்த நான்கு மணி நேரம் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் கற்றுத் தருகிறார்கள். தாவணி, முந்தானை என்று பொருள்படும் சொல்லாம் அந்த ஆஞ்சல். தாயின் முந்தானையில் முடிந்து வைத்த மாதிரி.

நம் பைத்துல்மாலில் அதற்குப் பணம் இருக்காதா? மதரஸா அறை பகல் நேரத்தில் பூட்டித்தானே கிடக்கிறது! காபி சீசன் இரண்டு மூன்று மாதம், ஊரில் ஒரு தாய்மாருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குக் கஞ்சி. நோன்புக் கஞ்சிக்குப் போட்டி போட்டுக்கொண்டு நன்கொடை தருகிற ஊர் இது என்று கேள்விப்பட்டேன். இந்தக் கஞ்சிக்கும் தருவீர்கள், இன்ஷா அல்லாஹ்.

மழை விட்ட பிறகும் ஆபத்து விடாது. வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கில் போகும் குழந்தைகள் உண்டு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து இருக்கட்டும். பால்குடிப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நிவாரணமாகப் பால்பவுடர் டின் வந்தால் ஆசைப்பட்டுப் புட்டிக்கு மாற்றாதீர்கள். அழுக்குத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் நஞ்சுக்குச் சமம்.

அரசாங்கத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நாம் அரசியல் இயக்கம். கேட்க வேண்டியதைக் கேட்போம். விடுமுறையை முந்தைய நாள் இரவே அறிவியுங்கள். மலைக் கிராமந்தோறும் மழைமானி வையுங்கள். அளவை ஊர் மக்களுக்கே தெரியப்படுத்துங்கள். மின்சாரம் போனாலும் தொலைபேசிக் கோபுரம் உயிரோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். சரிவில் குடியிருப்பவனை "ஆக்கிரமிப்பாளன்" என்று சொல்லி மழை நாளில் விரட்டாமல், பாதுகாப்பான இடத்தில் பட்டா கொடுத்து மாற்றுங்கள். அவன் ஆசைப்பட்டா அங்கே போனான்? சமமான நிலத்தை விடுதிக்காரர்கள் வாங்கிய பிறகு மிச்சமிருந்தது அதுதான். இந்தக் கொடைக்கானலில் விதியை மீறி மாடிமேல் மாடி எழுப்பிய விடுதி விவகாரம் 1990-களில் நீதிமன்றம் வரை சென்று நாடே பேசியது. மலையை வெட்டுகிறவன் ஒருவன். மண் விழுவது இன்னொருவன் பிள்ளைமேல்.

இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். கோட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் இயக்கம் கொடுக்கும். கையெழுத்துப் போடாமல் யாரும் போக வேண்டாம். பிற சமயச் சகோதரர்களிடமும் வாங்கி வாருங்கள்.

ஆனால் மனுவுக்குப் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும். எனவே இப்போது இரண்டு தாள்கள் சுற்றி வருகின்றன. முதல் தாளில் உங்கள் தெருவில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வீட்டில், பகலில் அவர்களோடு யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நம் வீடு, அடுத்த வீடு என்று பிரிக்காமல் எழுதுங்கள். இரண்டாவது தாளில் மழை இரவில் கதவைத் திறந்துவிடச் சம்மதிக்கும் மேட்டு வீட்டுக்காரர்கள் பெயர் எழுத வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098. இவற்றை அந்தத் தாளின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறோம், மக்தப் சுவரிலும் எழுதிவிடுங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த ஜும்ஆவில் முத்தவல்லி இரண்டு தாளையும் வாசிப்பார்.